முடியை மட்டும்

பார்லர்காரி ஸ்டெல்லா கீதாமணியின் பின்னல் நுனியிலிருந்த ரப்பர் பேண்டை உருவியபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். சோபாவில் சாய்ந்திருந்த லோகநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி அதிகம் போனால் இருபது நிமிஷம், அதற்குள் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததை இருபது நிமிஷத்தில் எப்படிச் சொல்வது என்று யாராவது கேட்டால், ஏன் முடியாது, நாலே வார்த்தைதானே, அந்தப் போட்டோவை அனுப்பினது நான்தான், அவ்வளவுதான், அவள் எழுதிய தொண்ணூற்று நான்கு மாத நாவல்களிலும் பதினேழு தொடர்கதைகளிலும் காபி கொண்டுவந்து வைக்கிற வேலைக்காரிகூட இதைவிட நீளமாகப் பேசியிருக்கிறாள். கண்ணாடிக்கு முன்னால் சுழல் நாற்காலியில், கழுத்துவரை கறுப்புத் துணி போர்த்தி, தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தாள் கீதாமணி, கூடப் பிறந்த தங்கை, ஐந்து வயது இளையவள், போன வருஷம்தான் பம்பு செட் கம்பெனியில் ரிட்டையர் ஆனவள். நேற்றுச் சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து போன் போட்டு, "அக்கா, நாளைக்குக் கோயமுத்தூர் வர்றேன், முடி வெட்டிக்கப் போறேன், நீயும் கூட வர்றயா?" என்றாள். நுனிதானே என்றதற்கு, "இல்லக்கா, ஒட்ட" என்றாள், அரைக் கிலோ தக்காளி வாங்கப் போகிறவள் மாதிரி. கல்யாணம் காதுகுத்து என்றால் வருவாள், சாப்பிடுவாள், தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, வர்றேன்க்கா என்று கிளம்பிவிடுவாள், அதுதான் இத்தனை வருஷத்துப் போக்குவரத்து. சண்டை என்று ஒன்று நடந்திருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று நடந்திருக்கும், எதுவுமே நடக்கவில்லை. அப்படிப்பட்டவள் எதற்காக இன்றைக்குக் கூப்பிட்டாள் என்று பஸ் ஸ்டாண்டில் அவளை ஆட்டோவில் ஏற்றியதிலிருந்து லோகநாயகி யோசித்துக்கொண்டே வந்தாள், கேட்கவில்லை.

மூன்று கால்களும் பிரிந்து முடி நாற்காலிக்குப் பின்னால் சரிந்தது, இடுப்பையும் தாண்டி, மேலே வெள்ளை, நடுவில் சாம்பல், நுனியில் மட்டும் பழைய கறுப்பு. ஸ்டெல்லாவுக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது, சீப்பை வைத்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு முடிய எதுக்குங்கக்கா வெட்டறீங்க?" "சும்மாதாங்க" என்றாள் கீதாமணி. சும்மா! லோகநாயகிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சும்மா என்கிற காரணம் கதைக்கு ஆகாது. கதையில் ஒருத்தி முடியை வெட்டிக்கொண்டால் அவளுக்கு டைபாய்டு வந்திருக்க வேண்டும், இல்லை குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்க வேண்டும், இல்லை அப்பா பெரிய பணக்காரராகவும் அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவளாகவும் இருக்க வேண்டும். தோளைத் தொடாத முடியோடு ஒருத்தி முதல் அத்தியாயத்தில் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டால் அப்புறம் வாசகிக்கு அடுப்பில் பால் பொங்கினாலும் கவலையில்லை, இவள் யார், என்ன செய்வாள், எங்கே போய் முடிவாள் என்று தெரிந்துவிட்டது. ஒன்று இருபதாவது வாரத்துக்குள் திருந்துவாள், இல்லையென்றால் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போவாள். திருந்தினவளுக்குக் கடைசி வாரத்தில் பின்னல் வளர்ந்திருக்கும், அதில் மல்லிகைப் பூ இருக்கும். லோகநாயகியின் நோட்டில் பெயர், வயசு, முடி என்ற வரிசையில்தான் பெண்களே பிறந்தார்கள், குணம் என்று தனியாக எழுதத் தேவைப்பட்டதில்லை. ஒருமுறை ஓவியர் ஆள் மாறிப்போய், கோலம் போடுகிற கதாநாயகிக்குக் குட்டை முடி வரைந்து அச்சுக்கும் போய்விட்டது, அடுத்த வாரமே அவள் அண்ணன் பிழைத்ததற்காகப் பழனியில் முடியிறக்கிவிட்டு வந்ததாக லோகநாயகி நாலு வரி சேர்த்தாள், அந்த நாலு வரிக்கு அழுதுவிட்டதாகத் திருப்பூரிலிருந்து ஒரு கடிதம். அதுதான் பத்திரிகை வழக்கம், அத்தியாயம் எழுதி முடிவதற்கு முன்னாலேயே படம் வரைந்துவிடுவார்கள், தபாலிலோ போனிலோ சொல்கிற இரண்டு வரியை வைத்து, பிறகு படத்துக்குத் தகுந்த மாதிரி எழுத்தாளர்தான் கதையை இழுத்துச் சரிபண்ண வேண்டும். அந்த வழக்கத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, போட்டோவை அனுப்பச் சொல்லி யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

தண்ணீர் தெளிக்கிற சத்தம், புஸ் புஸ் என்று, துணிக்கு இஸ்திரி போடுகிறவர்கள் தெளிப்பதுபோல. ஏசிக் குளிரில் ஹேர் டை வாசனை தொண்டையில் உட்கார்ந்தது. எண்பத்தெட்டில் இப்படியெல்லாம் பார்லர் ஏது, கீதாமணி கம்பெனி முடிந்து வரும் வழியில் யாரோ ஒரு சிநேகிதியின் வீட்டில் வெட்டிக்கொண்டு வந்தாள். இருபத்து மூன்று வயது, மோட்டார் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்த முதல் பெண், பீளமேட்டு வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவளைப் பார்த்து அம்மா யாரோ பையன் வந்துவிட்டான் என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஏன்டி, ஏன்டி என்று வீடே சுற்றி நின்று கேட்டது. மோட்டாரில் மாட்டிக்கொள்ளும் என்றா? இல்லை. பேன் தொல்லையா? இல்லை. யாராவது சொன்னார்களா? இல்லை. "நல்லாருக்கும்னு தோணுச்சு, வெட்டிட்டேன்" என்றாள், சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த லோகநாயகி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன, அநியாயத்துக்கு நன்றாக இருந்தது, பின்கழுத்து முழுக்க வெளியே தெரிந்தது, சாப்பிடும்போது இடது கையால் அந்தப் பின்கழுத்தை ஒருதரம் தடவிக்கொண்டாள், யாரையும் கேட்காமல் சந்தோஷமாக இருக்கிற கை அது. தன் கையை எடுத்துத் தன் கொண்டையில் வைத்துப் பார்த்ததும், மாமியார் வீட்டில் நெற்றி வகிடு கோணினால்கூடப் பேச்சு வாங்குகிற தன் தலை ஞாபகம் வந்ததும், வயிற்றுக்குள் ஏதோ புளித்ததும் லோகநாயகிக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பொறாமை என்று அன்றைக்கு அதற்குப் பெயர் வைக்கவில்லை. கதைக்கு ஒரு கரு கிடைத்தது என்று பெயர் வைத்தாள்.

முதல் தொடர்கதை. அதுவரைக்கும் சிறுகதைகள் மட்டும் எழுதியவளுக்குச் சென்னைப் பத்திரிகையிலிருந்து இருபத்தாறு வாரம் எழுதச் சொல்லிக் கடிதம் வந்தபோது தரையில் கால் பாவவில்லை. ரோஷிணி என்று ஒரு திமிர்பிடித்தவள், முடி குட்டை, புருஷனைத் துரும்பாக மதிப்பவள், பின்கழுத்தைத் தடவிக்கொள்கிற பழக்கம் உள்ளவள். முதல் படம் வந்ததைப் பார்த்தால் வெளிநாட்டு விளம்பரத்தில் வருகிற மாதிரி காதோரம் சுருண்ட முடி. இப்படியில்லை என்று லோகநாயகி எழுதினாள். அப்படியானால் மாதிரிக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று ஓவியர் பதில் போட்டார். அவ்வளவுதான் நடந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நல்ல மனுஷன், இப்போது உயிரோடு இல்லை. வீட்டு மொட்டை மாடியில் கீதாமணி சிரித்துக்கொண்டு நிற்கிற போஸ்ட்கார்டு அளவுப் போட்டோ ஒன்று ஆல்பத்தில் இருந்தது, அதை உரித்து எடுத்து, பின்பக்கம் பேனாவால், முடியை மட்டும் பார்த்துக்கொள்ளவும், என்று எழுதி உறைக்குள் போட்டாள். முடியை மட்டும்! ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டு அதன் மேலே இருக்கிற முடியை மட்டும் பார் என்றால் ஓவியர் கண்ணை என்ன செய்வார்? மூன்றாவது வாரம் பத்திரிகையைப் பிரித்தால் முழுப் பக்கத்துக்குக் கீதாமணி நின்றாள். அதே மூக்கு, அதே தாடைக்குக் கீழே இடது பக்கம் அதே மச்சம், கையில் ஒரு கண்ணாடி டம்ளர், காலடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாமியார். லோகநாயகிக்குத் திக்கென்றது. பத்திரிகைக்கு உடனே தந்தி அடித்திருக்கலாம், முகத்தை மாற்றுங்கள் என்று ஒரு வரி. அடிக்கவில்லை. அடித்தால் ஏன் என்று கேட்பார்கள், பெரிய பத்திரிகை, முதல் தொடர், அடுத்த தடவை கூப்பிடாமல் போய்விட்டால்? அதற்கப்புறம் வாராவாரம் கீதாமணி மாமியாரை அழவைத்தாள்.

"அக்கா, தல கொஞ்சம் குனியுங்க" என்றாள் ஸ்டெல்லா. கண்ணாடிக்குள் கீதாமணியின் முகம் கீழே போய் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. இப்போது சொல்லலாம், முகம் தெரியாதபோது சொல்வது சுலபம். கீதா, என்று வாயெடுத்துவிட்டு லோகநாயகி மென்று விழுங்கினாள், ஸ்டெல்லா இருக்கிறாளே, மூன்றாம் மனுஷி, அவளுக்கு முன்னால் எப்படி, என்று ஒரு சாக்கு உடனே கிடைத்துவிட்டது. சாக்குக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் ஒறம்பறை, சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்களே, என்னம்மா லோகு, நம்ம கீதாவை அச்சில வார்த்த மாதிரி போட்டிருக்காங்களேன்னு, அதற்கு அவள் சொன்ன பதில், "அந்தாளு எங்கியோ பார்த்து வரைஞ்சிருப்பாருங்க, எனக்கென்ன தெரியும்." கீதாமணியும் அங்கேதான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அதை நினைத்தால்தான் லோகநாயகிக்கு உட்கார முடியாது. பத்திரிகைக் கடுதாசி புகுந்த வீட்டுக்கு வந்தால் பேச்சு வரும் என்று அவள் அப்பா வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். வாசகர் கடிதங்கள் கட்டுக்கட்டாக அங்கே வந்து குவியும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் கீதாமணி. ரோஷிணியைச் சும்மா விடாதீர்கள் அக்கா, அவள் மயிரைப் பிடித்து இழுக்கக்கூட வழியில்லாமல் வெட்டிவிட்டாளே என்றெல்லாம் எழுதியிருந்த கடிதங்கள். கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் எதிரில் உட்கார்ந்திருப்பாள். எதற்கு உட்கார்ந்திருந்தாள்? எதையாவது எதிர்பார்த்தா? லோகநாயகி கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கம்பெனியில் அவள் மேஜைக்கு மேலே அந்தப் படத்தை யாரோ கத்தரித்து ஒட்டிவிட்டார்கள் என்று அம்மா சொன்னதும் இதே நாட்களில்தான். இருபத்தாறாவது வாரம் ரோஷிணி மாமியார் காலில் விழுந்தாள், பின்னலில் பூ வைத்துக்கொண்டாள். அந்த வருஷக் கடைசியில் கீதாமணியின் முடி காதை மூடியது, அடுத்த பொங்கலுக்குத் தோளுக்கு வந்தது, அதற்கப்புறம் கத்தரியே படவில்லை. லோகு கதையப் படிச்சுத்தான் புள்ள திருந்துச்சு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். லோகநாயகிக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்ச நாள்தான், ஆனாலும் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. எழுத்தில் வளர்த்த முடியெல்லாம் எழுத்தோடு போயிற்று, நிஜத்தில் வளர்ந்தது இது ஒன்றுதான்.

ஸ்டெல்லா முடியை மறுபடி ஒரே பின்னலாகப் போட்டு மேலேயும் கீழேயும் இறுக்க ரப்பர் பேண்டு மாட்டினாள். "அப்படியே ஒண்ணா வெட்டிரலாமுங்க. வேண்டாம்னா குடுத்துருங்க, கேன்சர் வந்து முடி கொட்டுனவங்களுக்கு விக் செய்ய அனுப்பறோம்." கேன்சரா? அடடா, இது ஏன் தோன்றவில்லை? அறுபதை நெருங்குகிறவள் திடீரென்று முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறாள் என்றால் கதையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எத்தனை தடவை எழுதியிருக்கிறாள், ரிப்போர்ட்டைப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, கொட்டுவதற்கு முன்னால் நானே வெட்டிக்கொள்கிறேன் என்று ஒருத்தி. எல்லோரையும் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடுகிறாள், பேசாத அக்காவைக்கூடக் கூப்பிடுகிறாள். அதனால்தான் கூப்பிட்டாளா? துணிக்கு வெளியே தெரிந்த கழுத்து போன தையில் பார்த்ததைவிட மெலிந்திருக்கிறதா, எலும்பு தெரிகிறதா, இல்லை அது வயசா? ஆட்டோவில் இருமினாளே. ஒரு தரம். இல்லை, இரண்டு தரம். போட்டோவும் மன்னிப்பும் எங்கேயோ போயின, ஐயோ என் தங்கச்சி என்பது ஒன்றுதான் உள்ளே ஓடியது. "கீதா, உனக்கு உடம்பு கிடம்பு..." என்று குரல் அவளை மீறி வந்தது. கீதாமணி கண்ணாடி வழியாகவே அக்காளைப் பார்த்தாள், கண்ணில் தெரிந்த பீதியைப் படித்துக்கொண்டாள் போலிருக்கிறது. "சுகர்கூட இல்லக்கா. நெம்ப யோசிக்காதே, இது கத இல்ல. வீட்ல அவருகிட்டச் சொன்னேன், தலைக்குக் குளிச்சாச் சீக்கிரம் காஞ்சிரும்னாரு, அவ்வளவுதான்" என்றாள். லோகநாயகிக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்ததோடு வெட்கமும் வந்தது, தங்கை சாகக் கிடக்கிறாள் என்று நினைத்த அந்த ஒரு நிமிஷத்திலும் மூலையில் ஒன்று, அப்படியானால் சொல்லாமலே விட்டுவிடலாம், நோயாளியிடம் பழையதைக் கிளறக் கூடாது, என்று கணக்காக யோசித்துக்கொண்டிருந்ததைப் பிடித்துவிட்டாள். சே, என்ன மனசு இது.

போன் மணியடித்தது. ஓவியர் கனகராஜ், இப்போது நடக்கிற தொடருக்குப் படம் போடுகிறவர், கம்ப்யூட்டரிலேயே வரைகிறவர். "மேடம், கடைசி வாரந்தானுங்களே, நிகிலாவுக்குப் பின்னல் போட்டு வரைஞ்சு முடிச்சுட்டேனுங்க. பூ மட்டும் மல்லியா கனகாம்பரமான்னு கேக்கலாம்னு." நிகிலா இருபத்தைந்து வயது, தோளைத் தொடாத முடி, காரைத் தானே ஓட்டுகிறவள். கடைசி அத்தியாயம் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் பின்னல் வளர்ந்துவிட்டது, ஓவியருக்குக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்க கனகராஜ்" என்று வைத்துவிட்டாள். ஸ்டெல்லா கத்தரியை எடுத்தாள். ஒரே வெட்டில் போய்விடும் என்று லோகநாயகி நினைத்திருந்தாள், போகவில்லை, கயிறு அறுப்பதுபோல நறநறவென்று நாலைந்து வெட்டு தேவைப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் அவள் பல் கூசியது. இருபது நிமிஷம் முடிந்துபோயிற்று. "இதப் புடிங்க" என்று ஸ்டெல்லா பின்னலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். கனத்தது. உள்ளே ஈரம், ஒரு பக்கம் கழுத்துச் சூடு இன்னும் இருந்தது. அம்மாவின் பின்னல் இப்படித்தான் இருக்கும், சின்ன வயதில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் படுத்து அதைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு பொய்யோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "கீதா, அந்தப் போட்டோவ அனுப்புனது நாந்தான்" என்றாள். இத்தனைக்கும் நாலு வார்த்தை.

ஸ்டெல்லாவின் கை நின்றது. கீதாமணி தலையைத் திருப்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அந்தாளு திருப்பி அனுப்பிச்சாருல்ல. நாலாவது வாரமே வந்துருச்சு, உன்ற தபாலோட தபாலா. பத்திரிகைக் கவரா இருக்குதேன்னு நாந்தான் பிரிச்சேன், உங்கிட்டக் குடுக்கல. பின்னாடி உன்ற கையெழுத்து."

நாலாவது வாரம். அப்படியானால் பாக்கி இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் தெரிந்துகொண்டேதான் வந்தாள், தெரிந்துகொண்டேதான் மோரைக் குடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். லோகநாயகிக்கு அந்த இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயின, ஒவ்வொன்றிலும் தான் கடிதத்தைப் பிரித்துக்கொண்டு குனிந்திருக்கும் வகிடு. "அப்பவே கேட்டிருக்கலாமல்ல கண்ணு" என்றாள், கேட்டதும் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தெரிந்துவிட்டது, கேட்க வேண்டியது யார், சொல்ல வேண்டியது யார். ஸ்டெல்லா எதுவும் காதில் விழாதவளாகச் சின்னக் கத்தரியை எடுத்துக் காதோரம் திருத்த ஆரம்பித்தாள். "நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன். ஒவ்வொரு வாரமும் பாத்தேன்" என்றாள் கீதாமணி. "கம்பெனில ஒட்டுனாங்க, கிழிச்சுப் போட்டேன், மறுபடி ஒட்டுனாங்க. அதெல்லாங்கூடப் பரவால்லக்கா. கடைசி வாரத்துல அவளுக்குப் பின்னல் போட்டு, பூ வெச்சு, நெம்ப அழகா எழுதியிருந்தே. அதுவரைக்கும் அவள நீ ஒரு எடத்துல கூட அழகா எழுதுல. சரி, உனக்கு என்னய அப்படித்தான் புடிக்குதாட்ட இருக்குதுன்னு வளத்துனேன்."

பயந்தது இதுவல்ல. திட்டுவாள் என்று பயந்திருந்தாள், என் வாழ்க்கையைக் கெடுத்தாய் என்று சொல்வாள் என்று பயந்திருந்தாள், அதற்கெல்லாம் மனசுக்குள் பதில் வைத்திருந்தாள். அக்காளுக்குப் பிடிக்கும் என்று முப்பத்தைந்து வருஷம் ஒருத்தி தலையில் சுமந்திருப்பாள் என்று நினைத்ததே இல்லை. லோகநாயகி அழுதாள். கதைகளில் வருகிற மாதிரி இல்லை, மூக்கு ஒழுகி, கைக்குட்டை எங்கே என்று தெரியாமல், பின்னல் நனைந்துவிடுமே என்று ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தப்புத்தான் சாமி. பொறாமைல பண்ணுனேன். நீ நெம்ப நல்லாருந்தே" என்று சொன்னாள். ஸ்டெல்லா கத்தரியை வைத்துவிட்டு ஒரு டிஷ்யூவை உருவிக் கொடுத்தாள், பழக்கப்பட்டவள் போல, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் யாராவது அழுதுகொண்டேதான் இருப்பார்களோ என்னவோ. கீதாமணி சொன்னாள், "போன வருஷம் ரிட்டையர் ஆனேனா, ஒரு வருஷமா வீட்டுல கண்ணாடியப் பாத்துட்டே இருக்கறேன். இதுக்கு மேல யாருக்குக் காட்டறதுன்னு தோணுச்சு. நீ வந்து பாத்தீன்னாத் தேவலைன்னும் தோணுச்சு. அதான் கூப்புட்டேன்." மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, லோகநாயகியும் கேட்கவில்லை.

கறுப்புத் துணியை உதறினார்கள். வெள்ளைத் துணுக்குகள் தரையில் விழுந்தன. கீதாமணி நாற்காலியைச் சுற்றித் திருப்பி அக்காளுக்கு நேராக வந்து நின்றாள், அவள் இடது கை தன்னால் மேலே போய்ப் பின்கழுத்தை ஒருதரம் தடவியது. லோகநாயகி பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தால், கழுத்தோடு கத்தரித்த கூந்தலை அலட்சியமாய்ச் சிலுப்பினாள் என்று நூறு தடவை எழுதிய அந்த ஒரு வரிதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. என்ன வரி அது, ஒட்ட வெட்டிய முடியைச் சிலுப்ப முடியுமா, எதிரே நிற்கிறாளே, எதைச் சிலுப்புவாள்? நூறு தடவை எழுதியவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"என்னக்கா முழிக்கறே? இந்தத் தடவை எத்தனாவது வாரத்துல வளரும்?" என்றாள் கீதாமணி. கண்ணில் சிரிப்பிருந்தது, சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

போன் மறுபடி அடித்தது. கனகராஜ்தான். "மேடம், மல்லியே போட்டுரட்டுங்களா?"

"பின்னல் வேண்டாமுங்க கனகராஜ். வளரல. ஒட்ட வெட்டுன முடி."

"கடைசி வாரத்துலயுங்களா? ஒட்டன்னா எனக்குச் சரியா வராதுங்களே மேடம், இத்தன வாரமும் பாப் கட்டிங்ல போட்டுட்டேன். மாதிரிக்கு ஒரு போட்டோ இருந்தா வாட்ஸப்ல அனுப்புங்க."

லோகநாயகி தங்கையைப் பார்த்தாள். போன் ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் கீதாமணிக்கு என்ன கேட்டார் என்று புரிந்துவிட்டது, கையைக் கழுத்திலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"போட்டோ இல்லீங்க. நான் பாத்துச் சொல்றேன், கேட்டு வரைங்க. பின்கழுத்துல ஆரம்பிங்க, அங்க முடி நடுவுல மட்டும் கூம்பாக் கீழ எறங்கும். காது ரெண்டும் முழுசா வெளிய தெரியணும். இடது காது துளி பெருசு."

"அக்கா!"

"நெத்திக்கு மேல ஒரு கத்தை படியாது, எந்திரிச்சே நிக்கும், அத அமுக்கிப் போடாதீங்க. அப்படி நிக்கறதுதான் அழகு. முகம் நீங்க போட்ட நிகிலா மொகமாவே இருக்கட்டும், அத மாத்த வேண்டாம்."

கீதாமணி கண்ணாடிப் பக்கம் திரும்பிப் படியாத அந்தக் கத்தையைத் தொட்டுப் பார்த்தாள். "நரைய உட்டுட்டியேக்கா" என்றாள்.

"நரை உண்டுங்க கனகராஜ். நெறைய. முக்காவாசி வெள்ளை."

"மேடம், நிகிலாவுக்கு இருபத்தஞ்சு வயசுதானுங்களே?"

"நீங்க வரைங்க" என்றாள் லோகநாயகி. "முப்பத்தஞ்சு வருஷம் ஆயிருச்சுன்னு நான் எழுதிக்கறேன்."